ஏழாம் நம்பர் பாட்டில்

உக்காருங்க தம்பி, இந்த ஓரத்துல தாராளமா உக்காருங்க. ஜன்னலோரம் மட்டும் துண்டு போட்டு வச்சிருக்கேன், அதுக்கு ஆள் வருது. விலக்கு ரோட்டுல ஒரு பொண்ணு ஏறும். மடியில இருக்கிற பையா? அதை மேல வைக்க முடியாதுங்க. கண்ணாடி. ஒடைஞ்சா என் பென்ஷனும் சேர்ந்து ஒடையும்.

பாம்பெல்லாம் இல்லை, பயப்படாதீங்க. பாட்டில்தான். உள்ள என்ன இருக்குன்னு மட்டும் கேக்காதீங்க. அதைச் சொல்லத்தான் வனத்துறை ஆபீசுக்குப் போய்க்கிட்டு இருக்கேன்.

நான் காலேஜ் புரபசர். முனைவர் பூவலிங்கம், விலங்கியல் துறைத் தலைவர். எங்க காலேஜ் பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியாது. எங்க ஊர்க்காரனே பக்கத்துல இருக்கிற பரோட்டாக் கடையை அடையாளம் சொல்லித்தான் வழி காட்டுவான். சின்னக் காலேஜ். ஆனா பி.எஸ்சி. விலங்கியல்ல நூத்துக்கு நூறு ரிசல்ட். நான் தலைவரா வந்ததுலேருந்து பிராக்டிகல்ல ஒரு பிள்ளைகூட பெயில் ஆனது கிடையாது. ஏன்னு கேளுங்க.

முறை, தம்பி. எதுக்கும் ஒரு முறை வேணும்.

பிராக்டிகல் பரீட்சையில ஸ்பாட்டர்னு ஒண்ணு உண்டு. நீங்க காமர்ஸா? அப்பத் தெரிஞ்சிருக்காது. மேசைமேல வரிசையா பாட்டில் வச்சிருப்போம். ஒவ்வொண்ணுலயும் கெட்டுப்போகாம இருக்க பார்மலின் ஊத்தி ஏதாச்சும் ஒரு உயிரினம். பிள்ளைங்க வரிசையா வந்து பார்த்து, இது இன்னதுன்னு பேரு, அடையாளம், படம் எல்லாம் எழுதணும். எங்க காலேஜ்ல அந்த வரிசையை நான் மாத்துறதே இல்லை. மூடி ஒடைஞ்ச பாட்டில்னா நாடாப்புழு. நீல பிளாஸ்திரி ஒட்டினதுன்னா நட்சத்திர மீன். ஏழாம் நம்பர், கழுத்துல சணல் கட்டினது, கடல் அட்டை. உள்ள பார்க்கவே வேண்டாம். கண்ணாடியை வீட்டுல மறந்துட்டு வந்த பையன்கூட வாசப்படியில நின்னுக்கிட்டே அஞ்சுக்கு அஞ்சு வாங்கிட்டுப் போவான். இதுக்குப் பேருதான் கற்பித்தல். வேற காலேஜ்கள்ல வருஷா வருஷம் பாட்டிலை மாத்தி வச்சுப் பிள்ளைங்களைக் குழப்புவாங்க. கேட்டா அறிவியலாம்.

இப்படி ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்த துறையில வந்து சேர்ந்தா செலஸ்டினா. அவதான் இப்ப விலக்குல ஏறப்போற பொண்ணு. கடற்கரை ஊரு. அப்பாவுக்கு மீன்பிடித் தொழில். நல்லாப் படிக்கிற பொண்ணுதான், அதை மறைக்கக் கூடாது. ஆனா ஒரு கெட்ட பழக்கம். எதைக் குடுத்தாலும் உத்துப் பார்ப்பா.

மைக்ராஸ்கோப்பைக் குடுத்தா அதுலயே கண்ணை வச்சுக்கிட்டு நிப்பா. ரெக்கார்டுல படம் வரையறதுக்கு எதுக்கும்மா மைக்ராஸ்கோப், அக்காமாரோட பழைய ரெக்கார்டு இருக்குல்ல, அதைப் பார்த்து வரைன்னு சொல்லுவேன். இதுல வேற மாதிரி தெரியுது சார்னு சொல்லுவா. வேற மாதிரி தெரிஞ்சா கண்ணாஸ்பத்திரிக்குப் போம்மான்னு நான் சொல்ல, கிளாஸே சிரிக்கும். அவளும் சிரிப்பா. எதுக்குச் சிரிச்சான்னு இப்ப நினைச்சா வெளங்க மாட்டேங்குது.

சரி, பரீட்சைக்கு வருவோம். வெளியிலேருந்து எக்ஸ்டர்னலா குருநாதன் சார் வந்திருந்தார். தங்கமான மனுசன். அவர் காலேஜுக்கு நான் எக்ஸ்டர்னலாப் போவேன், எங்க காலேஜுக்கு அவர் வருவார். அவர் பாட்டிலை நான் பார்க்க மாட்டேன், என் பாட்டிலை அவர் பார்க்க மாட்டார். மதியம் பிரியாணி. இப்படியே சகோதர பாசத்தோட எத்தனையோ வருஷம் போயிருச்சு.

அன்னைக்கும் எல்லாப் பிள்ளைங்களும் மளமளன்னு எழுதிட்டு நகர்ந்துக்கிட்டு இருந்துச்சுங்க. ஏழாம் நம்பர்கிட்ட வந்ததும் இவ நின்னுட்டா. பின்னாடி வரிசையே நின்னுபோச்சு. நான் என்னம்மான்னு கேக்கறதுக்குள்ள, பாட்டிலைக் கையில தூக்கிட்டா தம்பி. தூக்கி ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்க்கிறா. என் சர்வீஸ்ல யாரும் அந்தப் பாட்டிலைத் தூக்கினது கிடையாது. தூசி தட்டக்கூடத் தூக்கினது கிடையாது.

அப்புறம் உக்காந்து எழுதினா. என்ன எழுதினான்னு நினைக்கிறீங்க? "இது கடல் அட்டை இல்லை. பாகற்காய்."

சிரிக்காதீங்க. இன்னும் இருக்கு. அடையாளம் வேற எழுதியிருக்கா. ஒரு முனையில காம்பு இருக்காம். தோல் கிழிஞ்ச எடத்துல விதை தெரியுதாம். குடும்பம்னு போட்டு ஒரு பேரு, வாயில நுழையாத பேரு. படமும் அழகா வரைஞ்சு, காம்புக்கு அம்புக்குறி போட்டு, காம்புன்னே எழுதியிருக்கா. விலங்கியல் பரீட்சையில, தம்பி. காய்கறிப் படம்.

குருநாதன் சாருக்கு மூஞ்சி சிவந்துருச்சு. நான்தான் பொறுமையாக் கூப்பிட்டுச் சொன்னேன். ஏம்மா, நீ காம்புன்னு நினைக்கிறது அட்டையோட உணர்கொம்பு, பார்மலின்ல கிடந்து சுருங்கிப்போயிருக்கு, விதைன்னு நினைக்கிறது குடல்னு. அவ மறுபடியும் பாட்டிலைத் திருப்பிக் காம்பையே பார்த்தா. குருநாதன் சாருக்குப் பொறுக்கலை. கடல் அட்டையை என்னைக்காச்சும் கண்ணால பார்த்திருக்கியாம்மான்னு கேட்டுட்டார்.

"வலையில சிக்குன அட்டைக்காக எங்க அப்பா ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தாரு சார். எனக்கு அட்டையைத் தெரியாதா?"

மூணாம் மனுசன் முன்னாடி குடும்ப மானத்தை இப்படியா போட்டு ஒடைப்பாங்க? எனக்கே கூச்சமாப் போச்சு. அட்டை பிடிக்கத் தடை இருக்கு தம்பி, புலியைப் பிடிச்சா என்னவோ அதேதான்னு கடற்கரையில சொல்லுவாங்க. அந்தச் சமாச்சாரமெல்லாம் எங்களுக்கெதுக்கு? நாங்க பாடம் நடத்துறவங்க.

ஸ்பாட்டர்ல முட்டை போட்டதோட நாங்க விட்டிருப்போம். ஆனா பரீட்சை அறையில பரீட்சகரை அவமதிச்சதுன்னு குருநாதன் சார் எழுதிட்டார். அவ பிராக்டிகல் மார்க்கை யுனிவர்சிட்டிக்கு அனுப்பாம நிறுத்தி வச்சாச்சு. அது இல்லாம ரிசல்ட் வராது. ரிசல்ட் வராம எம்.எஸ்சி. சேர முடியாது. அவளுக்கு எம்.எஸ்சி. கடல் உயிரியல்ல எடம் கெடைச்சிருந்துச்சு, அது ஒரு பக்கம். ஒழுக்கம் முக்கியமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

பாட்டிலைத் திறந்து பாருங்க சார்னு அவ பிரின்சிபால்கிட்ட போய் நின்னா. திறக்கறதாவது? பார்மலின் விஷம். அதுவும் போக, ஒருத்தி கேட்டான்னு திறந்தா நாளைக்கு எல்லாரும் எல்லாத்தையும் திறக்கச் சொல்லுவான். எங்க பிரின்சிபால் நியாயமான ஆளு, மூணு பேர் கொண்ட விசாரணைக் கமிட்டி போட்டார். வேதியியல் தலைவர், தாவரவியல் தலைவர் அமலோற்பவம் மேடம், அப்புறம் தமிழய்யா.

கமிட்டின்னா அதுதான் கமிட்டி. வேதியியல் சார் மூடிகிட்ட மோந்து பார்த்துட்டு, பார்மலின்தான்னு உறுதிப்படுத்தினார். அமலோற்பவம் மேடம் ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் ஒரு வார்த்தை சொன்னாங்க பாருங்க, எங்க காலேஜ்ல அப்படிப் பண்புள்ளவங்களைப் பார்க்கவே முடியாது.

"எங்க ஷெல்ஃப்ல இருந்திருந்தா இது பாகற்காய்தான் சார். உங்க ஷெல்ஃப்ல இருக்கறதால இதுல நான் தலையிட முடியாது."

ஒரு துறைக்கு இன்னொரு துறை குடுக்கிற மரியாதை, தம்பி. அதெல்லாம் இப்ப எங்க இருக்கு?

கடைசியில தமிழய்யாதான் முடிச்சு வச்சார். இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேருன்னு கேட்டார். சீ குக்கும்பர்னு சொன்னேன். அதாவது கடல் வெள்ளரிக்காய். அவ்வளவுதான், மேசையைத் தட்டிட்டார். காய் மாதிரி இருக்கறதாலதானே வெள்ளைக்காரன் அதுக்குக் காய் பேரு வச்சிருக்கான், அப்ப இது காய் மாதிரி இருக்கறதே இது அட்டைங்கறதுக்குச் சாட்சின்னார். வெள்ளரியும் பாகலும் ஒரே குடும்பம்தான்னு மேடம் அங்கே ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தாங்க. பார்மலின்ல கிடந்ததுல வெள்ளரி பாகலா மாறியிருக்கலாம்னு வேதியியல் சார் சேர்த்துக்கிட்டார். ஏகமனதா முடிவு. பாட்டிலில் உள்ளது அசல் கடல் அட்டையே. மூணு கையெழுத்து, அதுக்குக் கீழ என் கையெழுத்து, காலேஜ் சீல்.

எங்க அட்டெண்டர் மலைராசுவை மட்டும் விசாரிக்கலை. அவன் என்ன சொல்லப்போறான்? பல வருஷத்துக்கு முன்னாடி டிப்பார்ட்மென்ட்டைப் புதுக் கட்டடத்துக்கு மாத்தினப்ப, சாமான் தூக்கினதுல ஏதோ பாட்டில் ஒடைஞ்சுபோச்சு. மறுநாள் இன்ஸ்பெக்ஷன். நான் சத்தம் போட்டேன், காலையில நான் வர்றப்ப ஷெல்ஃப்ல எல்லாம் வரிசையா இருக்கணும்னு. காலையில வந்து பார்த்தா இருந்துச்சு. அவ்வளவு பொறுப்பான ஆளு. அந்த சமயம் அவன் வீட்டுப் பந்தல்ல பாகற்காய் காய்ச்சுக் கொட்டுச்சு, எனக்கே ஒரு பை நிறையக் கொண்டாந்து குடுத்தான். அது வேற விஷயம், எதுக்குச் சொல்ல வந்தேன்... ஆங், மன்னிப்புக் கடிதம்.

கமிட்டி முடிவு வந்தப்புறம் அவளைக் கூப்பிட்டேன். நானும் பிள்ளை குட்டிக்காரன்தானே. ஒரே ஒரு வரி எழுதிக் குடு, அது கடல் அட்டைதான்னு ஒத்துக்க, மார்க்கை அனுப்பிடறேன்னு சொன்னேன். அழுதா. நல்லா அழட்டும்னு விட்டேன். அடுத்த நாள் வந்தா, மூஞ்சி கழுவிப் பளிச்சுனு. ஒரு வரி என்ன சார், நான் முழுசாவே எழுதித் தர்றேன்னா.

என்ன மரியாதையான கடிதம் தெரியுமா தம்பி. எனக்குப் பெருமையாப் போச்சு. எங்கள் விலங்கியல் துறையில் பல ஆண்டுகளாகப் பாதுகாக்கப்பட்டு வருவது அசல் கடல் அட்டையே. அதோட அறிவியல் பேரு, எந்த அறை, எந்த ஷெல்ஃப், எத்தனையாம் தட்டு, எல்லாம் விவரமா. துறைத் தலைவரும் மூவர் குழுவும் நேரில் ஆராய்ந்து உறுதி செய்திருக்கிறார்கள், நானே பார்வைக் கோளாறால் தவறாக எழுதிவிட்டேன். இப்படி எழுதத் தெரிஞ்ச பொண்ணுக்கு எதுக்கு அந்தப் பாகற்காய் வம்பு? இதுல நீங்களும் ஒரு சீல் போட்டு, எனக்கு ஒரு நகல் குடுங்க சார்னு கேட்டா. எதுக்கும்மான்னேன். ஞாபகத்துக்கு சார்னா. போட்டுக் குடுத்தேன். கேட்ட பிள்ளைக்கு இல்லேன்னு சொல்லலாமா?

மார்க்கா? அனுப்பலாம்னுதான் இருந்தேன். ஆனா உடனே அனுப்பினா பட்ட பாடம் மனசுல நிக்காது பாருங்க. கொஞ்ச நாள் கிடக்கட்டும்னு மேசை டிராயர்ல போட்டு வச்சேன். எம்.எஸ்சி. சேர்க்கைக்கு நாள் முடியப்போகுது சார்னு ரெண்டு தரம் வந்து நின்னா. பார்க்கலாம்னேன். மூணாந்தரம் அவ வரலை. ஜீப்தான் வந்துச்சு.

வனத்துறை ஜீப். சின்ன வயசு ரேஞ்சர், நல்லாச் சிரிச்ச முகம். உங்க துறையில கடல் அட்டை இருக்குன்னு தகவல் வந்துச்சு சார்னார். எனக்கு ஒரே சந்தோசம். நம்ம டிப்பார்ட்மென்ட் புகழ் இவ்வளவு தூரம் பரவியிருக்கேன்னு டீ வாங்கியாரச் சொன்னேன். இது நிஜமாவே அட்டைதானான்னு கேட்டார். சந்தேகமே வேணாம் சார்னு கமிட்டி ரிப்போர்ட்டைக் கேக்காமலேயே நானே எடுத்துக் குடுத்தேன். வாங்கி வரி வரியாப் படிச்சார். படிச்சுட்டு, அனுமதிப் பத்திரம் எங்க சார்னு கேட்டார்.

தடை செஞ்ச உயிரினத்தைச் செத்த பிறகும் அனுமதி இல்லாம வச்சுக்கக் கூடாதாம். ஜாமீன் கெடைக்கிறதே கஷ்டமாம். இதைச் சொல்லும்போதும் அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே இருந்தார்.

பிரின்சிபால் ஓடி வந்தார். வந்த வேகத்துல, பூவலிங்கம், அது பாகற்காய்தானேய்யான்னார். அமலோற்பவம் மேடம் எட்டிப் பார்த்து, நான் அப்பவே சொன்னேனேங்கறாங்க. குருநாதன் சாருக்குப் போன் போட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் பிரியாணி சாப்பிட வந்தவன்னு வச்சுட்டார். அட்டைன்னு மதிப்பெண் பட்டியல்ல நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு மறுபடி சொன்னப்புறம், அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டார் மனுசன்.

நாங்க எல்லாரும் ஒரே குரல்ல பாகற்காய் பாகற்காய்னு சொல்றோம். ரேஞ்சர் கேக்கணுமே. நீங்க நாலு பேரும் சீல் போட்டு அட்டைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க, இனிமே உங்க வாய்ச்சொல் செல்லாதுன்னுட்டார். மூடிமேல காகிதத்தை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார், யாரும் திறக்கக் கூடாதுன்னு. ஜீப் வர்றதுக்கு முந்தியே இது அட்டை இல்லைன்னு சொன்ன ஆள் யாராச்சும் உண்டான்னு கேட்டார். உண்டுன்னா அவங்களையும், அவங்க எழுதினதையும், பாட்டிலையும் கொண்டாங்க, இல்லேன்னா கேஸ்னார்.

ஒருத்திதான் உண்டு. அவ பரீட்சைத் தாள்தான் உண்டு. ஆனா அந்தத் தாள்ல முட்டைல்ல போட்டிருக்கு? தப்பான விடைன்னு நாங்களே சுழிச்ச தாளைச் சாட்சியாக் காட்ட முடியுமா? குருநாதன் சாரும் நானும் உக்காந்து மறு பரிசீலனை பண்ணினோம். பெருந்தன்மையாப் பார்த்தா, அவ எழுதினதுல தப்புன்னு பெரிசா ஒண்ணும் இல்லை. அஞ்சுக்கு அஞ்சு போட்டேன். அவமதிப்பு கிவமதிப்பு எல்லாத்தையும் அடிச்சாச்சு. மார்க்கும் யுனிவர்சிட்டிக்குப் போய், ரிசல்ட்டும் வந்தாச்சு. நாளைக்குத்தான் எம்.எஸ்சி.க்குக் கடைசி நாளு, காலையில போனான்னா சேர்ந்துக்கலாம். ஒரு ஆசிரியனோட மனசு எப்படின்னு பாருங்க.

இன்னைக்குக் காலையில போன் போட்டேன். சீல் போட்ட மார்க் பட்டியல் என் கையில வந்தாத்தான் ஆபீசுக்கு வருவேன் சார்னா. ஊர்ப்புறத்துப் பிள்ளை, காகிதத்தைக் கையில வாங்கிப் பார்த்தாத்தான் நம்பிக்கை. அதான் கொண்டுபோறேன்.

வனத்துறைக்குத் தகவல் குடுத்தது யாருன்னா? அதான் தெரியலை. பாட்டனிக்காரங்களாத்தான் இருக்கும். இந்தப் பொண்ணா? சேச்சே. அவளுக்கு வனத்துறை எங்க இருக்குன்னே தெரியாது. எந்த அறை எந்தத் தட்டுன்னு ரேஞ்சர் நேராப் போய் நின்னது மட்டும் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இந்தா, விலக்கு வந்துருச்சு. அதோ நிக்கிறா பாருங்க, மஞ்சள் சுடிதார். தம்பி, கொஞ்சம் எந்திரிச்சு வழி விடுங்க. வாம்மா செலஸ்டினா, உள்ள வா. உனக்குத்தான் ஜன்னலோரம் பிடிச்சு வச்சிருக்கேன். டிக்கெட் எடுத்தாச்சு. இந்தாம்மா மார்க் பட்டியல், சீலைப் பார்த்துக்க. அஞ்சுக்கு அஞ்சு. சந்தோசமா?

என்னம்மா?

அங்க போய் நீதானேம்மா சொல்லணும், நான் எதுக்கு? இல்லம்மா, நான் மனசார ஒத்துக்கிட்டேன், அதான் மார்க் போட்டிருக்கேனே. வாயால சொல்லணுமா? இங்கயா? இத்தனை பேர் இருக்காங்கம்மா. ஏம்மா எந்திரிக்கிற, உக்காரு. கண்டக்டர், விசில் அடிக்காதீங்க, இங்க யாரும் எறங்கலை.

சரி. பாகற்காய்.

கேக்கலையா? பாகற்காய்மா. பாகற்காய். போதுமா, டிரைவருக்கே கேட்டிருக்கும்.

இன்னும் என்னம்மா? குடும்பமா? எந்தக் குடும்பம்? ஓ, அதுவா. அது வந்து... நீ எழுதியிருந்தியே ஒரு பேரு, நீளமா. தம்பி, நீங்க சிரிச்சது போதும், தெரிஞ்சா என் காதுல சொல்லுங்க. ஏம்மா, பையில உன் தாள் இருக்கு, அதை எடுத்துப் பார்த்துச் சொல்லட்டுமா?

தாளைப் பார்க்கக் கூடாதா. அப்ப எதைப் பார்த்துச் சொல்ல? பாட்டிலையா?

சரி, சரி, எடுக்கிறேன். உன் பக்கம் வெளிச்சத்துல காட்டு. நீயே பிடிச்சுக்கம்மா. இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன்.

தம்பி, இங்க வாங்களேன். இதுல காம்பு இருக்குங்க.